டேபிள் புக் செய்தும் காத்திருப்பு: தீம் பார்க் சாப்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் உணவக முன்பதிவுக்கு ‘பிரையாரிட்டி சீட்டிங்’ என்று பெயர். டேபிளைக் காலியாக வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்போம் என்று அவர்கள் சொல்வதே இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்து பெயர் கொடுத்தால், அடுத்து காலியாகும் டேபிள் உங்களுக்கு. அவ்வளவுதான் பேச்சு. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இதை ரிசர்வேஷன் என்கிறார்கள், நடைமுறை ஒன்றுதான். பெங்களூரில் ஞாயிறு மதிய பஃபேக்கு ஆப்பில் புக் செய்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலையும் இதேதான்.

ஆக, புக்கிங் என்பது டேபிள் இல்லை, வரிசையில் ஓர் இடம். இதை மனதில் வைத்துத் திட்டமிட்டால் காத்திருப்பில் பாதியைக் குறைத்துவிடலாம். மீதிப் பாதியைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு போகலாம். அல்சூரிலிருந்தோ கே.ஆர்.புரத்திலிருந்தோ தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகளோடு கிளம்பும் ஆறு பேர் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இது எழுதப்படுகிறது. பெங்களூருக்கு வெளியே, வொண்டர்லா தீம் பார்க் இருக்கும் பிடதி பக்கம் ஒரு நாள் போனாலும் சரி, கோடை விடுமுறைக்கு வெளிநாட்டு பார்க் போனாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

முதலில் கணக்கு

ஓர் உணவகத்தில் நான்கு பேர் உட்காரும் டேபிள் 12, ஆறு பேர் டேபிள் 3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் சராசரியாக ஒரு மணி நேரம் உட்காரும். அப்படியானால் நாலு பேர் டேபிள் 5 நிமிடத்துக்கு ஒன்று காலியாகும், ஆறு பேர் டேபிள் 20 நிமிடத்துக்கு ஒன்று. உங்களுக்கு முன்னால் இரண்டே இரண்டு ஆறு பேர் குடும்பங்கள் இருந்தால் மூன்றாவது டேபிள் உங்களுடையது. ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அதே நேரத்தில், உங்களுக்குப் பின்னால் வந்த நால்வர் குழு பத்து நிமிடத்தில் உள்ளே போகும். “எங்களுக்கு அப்புறம் வந்தவங்க எப்படி முன்னாடி போறாங்க?” என்று வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. வரிசை ஒன்றல்ல, டேபிள் அளவுக்கு ஒரு வரிசை.

இந்தக் கணக்கும் ஆட்கள் சீராக எழுந்து போனால்தான் பொருந்தும். 12.30க்குக் கதவு திறந்ததும் மொத்த ஹாலும் ஒரே நேரத்தில் நிரம்பினால், 1.30 வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். பிறகு பத்து நிமிடத்தில் பாதி ஹால் காலியாகும். அதனால் 1 மணி, 1.15 புக்கிங்தான் படுமோசம். முதல் பந்தி உட்கார்ந்திருக்கும்போது இரண்டாம் பந்திக்கு வந்து நிற்பதுபோல. கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

உள்ளே டேபிள் காலியாகத் தெரிந்தும் உட்கார வைக்காததற்கு மூன்று காரணங்கள் உண்டு. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் வரவில்லை, அல்லது அவர் கையில் ஏற்கெனவே நிறைய டேபிள்கள். அடுத்தது சமையலறை: ஒரே நேரத்தில் எட்டு ஆர்டர் விழுந்தால் எல்லாமே தாமதமாகும் என்பதால், வாசலிலேயே இடைவெளி விட்டு அனுப்புவார்கள். மூன்றாவது, இரண்டு சிறிய டேபிள்களைச் சேர்த்து ஒரு பெரிய குழுவுக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள். முதல் இரண்டுக்கும் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதில் மட்டும் பேசிப் பார்க்க இடம் உண்டு.

இதற்கு மேல் மழை. பெங்களூரில் ஏப்ரல், மே மாலைகளில் இடி இடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அத்தனை கூட்டமும் கூரை தேடி உணவகத்துக்குள் நுழையும். ஒரு ஷோ முடிந்தாலும் இதே கதைதான். வார நாட்களில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வேறு, குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை. போவதற்கு முந்தைய நாள் பார்க்குக்கு போன் போட்டு, “நாளைக்கு க்ரூப் புக்கிங் எத்தனை, அவங்களுக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

புக் செய்யும்போது

நேரம்: கதவு திறக்கும் முதல் நேரம், இல்லையென்றால் 2.30க்குப் பிறகு. முதல் நேரம் என்றால் உங்களுக்கு முன் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காத்திருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். 2.30 என்றால் காலைச் சாப்பாடு கனமாக இருக்க வேண்டும். வொண்டர்லா போகிறவர்களுக்கு அதற்கான ஏற்பாடு வழியிலேயே இருக்கிறது: பிடதி தட்டே இட்லி. தட்டளவு இட்லி இரண்டு, மேலே வெண்ணெய், பக்கத்தில் சட்னி என்று ஒன்பதரை மணிக்கு முடித்துவிட்டால் பிள்ளைகளே இரண்டு மணி வரை பசி என்று சொல்லமாட்டார்கள். வெளி உணவு உள்ளே அனுமதியில்லாத பார்க் அது என்பதால், வாசலுக்கு முன் சாப்பிடுவதில் இரட்டை லாபம்.

பெங்களூரைச் சுற்றியுள்ள பார்க்குகளில் பெரும்பாலும் கவுன்ட்டரில் பணம் கட்டி வாங்கும் முறைதான். அங்கே வரிசை இரண்டு: பில்லுக்கு ஒன்று, உட்கார இடத்துக்கு ஒன்று. பெரியவர்கள் இருவர் முதலில் இடம் பிடிக்கட்டும், மற்றவர்கள் பில்லுக்கு நிற்கட்டும். தலைகீழாகச் செய்தால் சூடான சாம்பார் சாதத்தட்டோடு ஹாலைச் சுற்றி வருவீர்கள்.

ஆட்களின் எண்ணிக்கை: கைக்குழந்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிஸ்னியில் இது விதியே. ‘ஐந்து பேர், ஒரு பாப்பா’ என்று வாசலில் போய் நின்றால் உங்கள் டேபிள் அளவே மாறிவிடும். ஆறு பேர் என்றால் 4, 2 என்று இரண்டு புக்கிங்காகப் போடுவதா என்ற கேள்வி வரும். மேலே உள்ள கணக்குப்படி அது வேகமானதுதான். ஆனால் அடுத்தடுத்த டேபிள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தாத்தா பாட்டியைத் தனியே உட்கார வைக்க மனம் வராது என்றால் ஆறாகவே போட்டு, முதல் நேரத்தை எடுங்கள். இரண்டாக உட்காரலாம் என்பதை வாசலில் பேரம் பேசக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்: நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், ஆப்பில் இனிஷியல் போட்டிருப்போம், வாசலில் சொல்வது கூப்பிடும் பெயர். ‘கார்த்திக்’ என்று நீங்கள் சொல்ல, அவர்கள் பட்டியலில் ‘சுப்பிரமணியன்’ என்று இருக்கும். ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வரும், பத்து நிமிடம் போகும். புக்கிங்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். உறுதிப்படுத்தும் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருங்கள். பார்க்குக்குள் நெட் இழுக்கும் என்று நம்பி மெயிலைத் தேடாதீர்கள்.

போன் எண்: வெளிநாட்டில் இந்திய எண்ணுக்கு ‘டேபிள் ரெடி’ என்ற எஸ்எம்எஸ் ரோமிங் இல்லாமல் வந்து சேராது. ஆப்பில் அறிவிப்பை ஆன் செய்து, உள்ளூர் சிம் அல்லது இ-சிம் டேட்டா வைத்திருங்கள்.

வெளிநாட்டு பார்க்குகளின் புக்கிங் நேரத்தை நம் கடிகாரத்துக்கு மாற்றிக் காலண்டரில் போட்டுவிடுங்கள். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 60 நாள் முன்னதாகத் திறக்கும். அங்கே காலை 6 மணி என்பது நமக்கு அவர்கள் கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. டோக்கியோவில் ஒரு மாதம் முன்பு, அவர்கள் காலை 10 மணிக்கு, அதாவது இங்கே 6.30க்குத் திறக்கும். நல்ல நேரங்கள் முதலில் போய்விடும். மிச்சமிருப்பது அந்த 1.15தான்.

பெங்களூர் ஆப் புக்கிங்கில் ஒரு கூடுதல் வேலை உண்டு: புக் செய்த அன்றே, அல்லது அன்று காலை, உணவகத்துக்கு நேரடியாகப் போன் போட்டு, “எங்க பேரு உங்க லிஸ்ட்ல இருக்கா, எத்தனை நிமிஷம் ஹோல்ட் பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். ஆப்பில் உறுதியாகியும் வாசல் நோட்டில் ஏறாத புக்கிங் அடிக்கடி நடக்கும் விஷயம். பல இடங்களில் 15 நிமிடம்தான் பிடித்து வைப்பார்கள்.

சாப்பாட்டுக்கு முந்தைய முக்கால் மணி நேரம்

தண்ணீர் ரைடு இருக்கும் பார்க்கில் போன் லாக்கரில் இருக்கும், நீங்கள் அலைக்குளத்தில் இருப்பீர்கள். டேபிள் ரெடி என்று இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரை உள்ளே அனுப்பிவிடுவார்கள். புக்கிங் நேரத்துக்கு 45 நிமிடம் முன்பே தண்ணீரிலிருந்து வெளியே வாருங்கள். குளியல், உடை மாற்றம், லாக்கர் வரிசை எல்லாம் சேர்ந்து ஆறு பேருக்கு அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். ஈர உடையோடு ஏசி ஹாலில் பல இடங்களில் விடமாட்டார்கள். விட்டாலும் குளிரில் நடுங்கும் குழந்தைக்குச் சாப்பாடு இறங்காது. ஒருவர் மட்டும் முன்னதாக உலர்ந்து, வாசலில் பெயர் கொடுத்துவிட்டால் போதும். டிஸ்னி போன்ற இடங்களில் பார்க் நுழைவாயிலிலிருந்தே ஆப்பில் செக்-இன் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். உணவகத்துக்கு அருகே வந்தால்தான் அது அனுமதிக்கும் இடங்களும் உண்டு.

வாசலில்

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் பத்து நிமிடம்தான். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்று எதற்கும் சொல்லும் பெங்களூரில் அந்தப் பத்து நிமிடத்துக்கு மேல் எல்லை கிடையாது. கேட்க வேண்டியவை இவை:

“எங்களை மாதிரி ஆறு பேர் க்ரூப் எங்களுக்கு முன்னாடி எத்தனை இருக்கு?” கன்னடத்தில், “நம்ம முந்தே எஷ்டு பார்ட்டி இதே?” வாசலில் நிற்பவர் வடகிழக்கு மாநிலத்தவராக இருந்தால் இந்தியோ ஆங்கிலமோதான் கைகொடுக்கும். எண்ணிக்கையாகக் கேட்டால் எண்ணிக்கையாகப் பதில் வரும். உடனே கணக்குப் போடலாம்.

“ஆறு பேர் டேபிள் மொத்தம் எத்தனை?” இந்த இரண்டு எண்கள் கிடைத்தால் போதும்.

“பக்கத்துப் பக்கத்துல இல்லேன்னாலும் பரவாயில்ல, 4, 2 ஆ உட்கார்ந்தா எப்போ?” இந்த ஒரு கேள்விக்கே சில நேரம் உடனே டேபிள் வரும்.

அதோடு வாசல் மேசையில் கையில் இருக்கும் பட்டியலை ஒரு கண் பாருங்கள். நோட்டாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எண்ணிக்கையும் வந்த நேரமும் இருக்கும். உங்கள் வரியில் நீங்கள் வந்த நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பது முக்கியம். டேப்லெட் என்றால் வந்துவிட்டதாகக் குறிக்கும் நிறம் மாறியிருக்க வேண்டும். வந்தும் வராதவராகவே பட்டியலில் இருப்பவர்கள் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு ஹாலைப் படியுங்கள். ஆறு பேர் டேபிள்களை மட்டும் பாருங்கள். சோறு, ரொட்டி தட்டில் இருக்கிறது என்றால் இன்னும் 30 நிமிடம். ஐஸ்கிரீம் கிண்ணம் வந்திருந்தால் 15. பில் ஃபோல்டர் மூடியிருந்தால் 10, கார்டு மெஷின் வந்துவிட்டால் 5. சோம்புக் கிண்ணம் மட்டும் மேசையில் இருந்து, ஆறு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை நம்பாதீர்கள். அவர்கள் எப்போது எழுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு மேல் துடைத்து, விரித்து முடிக்க 5 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போட்டுப் பயனில்லை. வாசலில் நிற்பவர் டேபிளை உண்டாக்க முடியாது. மேலாளரை அழைப்பது ஒரே ஒரு சூழலில் பலன் தரும்: உங்கள் அளவுக்கே உள்ள குழு, உங்களுக்குப் பின் வந்தும் முன்னே போனதை நேரத்தோடு சுட்டிக்காட்ட முடிந்தால். “1.05க்கு வந்தோம், 1.20க்கு வந்த ஆறு பேர் உள்ள போயிட்டாங்க” என்று சொன்னால் அதற்கு மறுமொழி கடினம்.

நிற்பதா, கிளம்புவதா

புக்கிங் நேரத்திலிருந்து 30 நிமிடம் என்று வீட்டிலேயே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையோ சர்க்கரைக்காரரோ இருந்தால் 20. எல்லை வந்ததும் மேலே சொன்ன இரண்டு எண்களை மறுபடி கேளுங்கள். 15 நிமிடத்துக்குள் முடியும் என்றால் நில்லுங்கள். இல்லையென்றால் கவுன்ட்டர் உணவுக்கு மாறுங்கள். இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே என்பதற்காக இன்னும் நிற்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

கிளம்பும்போது சொல்லாமல் போகாதீர்கள். டிஸ்னி வேர்ல்டில் வராமல் போனால் பல உணவகங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள், ஆறு பேருக்கு 60. பெங்களூர் ஆப்களில் முன்பணமாகக் கட்டிய தொகை போய்விடும். மேசைக்குப் போய், “நாங்க நேரத்துக்கு வந்துட்டோம், டேபிள் இல்ல, உங்க பக்கத்துலேர்ந்து கேன்சல் பண்ணுங்க” என்று சொல்லி, அவர்கள் குறிப்பதைப் பார்த்துவிட்டு, பட்டியலையும் நேரத்தையும் ஒரு போட்டோ எடுங்கள். ‘வரவில்லை’ என்று பதிவாகிவிட்டால் அதை மாற்றுவது தலைவலி.

தாத்தாவும் பாப்பாவும்

சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஆகியவற்றை புக்கிங் நேரத்தை நம்பிப் போடக் கூடாது. சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான். இதை அவரவர் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட்டைக் கைப்பையில் வையுங்கள், லாக்கரில் அல்ல. மருந்துக்கும் பாப்பா உணவுக்கும் வெளி உணவு விதியில் விலக்கு உண்டா என்று நுழைவாயிலில் கேட்டுவிட்டால் பிறகு வாக்குவாதம் இராது.

டிஸ்னி வேர்ல்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு வெளி உணவு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. தட்டை, கடலை மிட்டாய், ஒரு டப்பா எலுமிச்சை சாதம் இருந்தால் முக்கால் மணி நேரத் தாமதம் ஒன்றுமேயில்லை. டோக்கியோவில் உள்ளே அனுமதியில்லை, வெளியே அதற்கென இடம் இருக்கிறது.

உட்கார்ந்த பிறகு

காத்திருப்பு அத்தோடு முடிவதில்லை. வெளியே நிற்கும்போதே மெனு வாங்கி முடிவெடுங்கள். உட்கார்ந்ததும் முதலில் வரும் சர்வரிடமே மொத்த ஆர்டரையும் சொல்லுங்கள். தயாராக இருப்பவை சாப்பாடு, பிரியாணி, தயிர்சாதம், சாம்பார். தந்தூரி, ஒவ்வொன்றாகப் போடும் தோசை, ஆர்டருக்குப் பின் வதக்கும் நூடுல்ஸ் எல்லாம் தாமதிக்கும். கூட்ட நேரத்தில் தோசைக்கல்லுக்கு முன் எப்போதும் ஒரு வரிசை இருக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் முதலில் வரட்டும் என்று தனியே சொல்லுங்கள். கடைசி பதார்த்தம் வரும்போதே பில்லைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பின் வாசலில் நிற்பவர்களுக்கும் அது உதவி.

பணமும் புகாரும்

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 4, 2022 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதைத் தானாகச் சேர்ப்பதைத் தடுக்கின்றன. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவற்றை மார்ச் 28, 2025 அன்று உறுதிசெய்தார். ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு சேவைக் கட்டணம் கேட்கும் பில்லைப் பார்த்தால் இதைச் சொல்ல இரட்டை நியாயம் இருக்கிறது.

வெறும் தாமதத்துக்காக நுகர்வோர் ஆணையம் வரை போவது நேர விரயம் என்பதே எங்கள் கருத்து. முன்பணம் திரும்பவில்லை, டேபிள் கொடுக்கவே இல்லை என்றால் விஷயம் வேறு. முதலில் ஆப்பிலும் உணவகத்திலும் எழுத்தில் கேளுங்கள்: புக்கிங் எண், வந்த நேரம், கிளம்பிய நேரம், தொகை, அவ்வளவு போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பார்க் ராமநகர் பக்கம் இருந்தாலும் புகாரை பெங்களூரில் கொடுக்கலாம். அந்த வாசல் பட்டியலின் போட்டோதான் அங்கே உங்கள் சாட்சி.